வாய்க்கால் தகராறு என்று நான் சொன்ன படம்

கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதே கண்ணாடியைத் தேடுகிற என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். நம் பிள்ளைகளிடம் வீடியோ காசெட் என்று ஆரம்பித்தாலே அவர்கள் முகத்தில் ஒரு பரிவு வந்துவிடுகிறது. படம் பார்த்து முடித்ததும் ரீவைண்ட் செய்துதான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருமுறை என் மகளிடம் சொன்னேன். நாங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்பதுபோல் கேட்டாள்.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எனக்குப் பத்து வயது நடந்த ஒரு குளிர்காலம். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. ஆனால் நான் பிறந்து வளர்ந்தது நாக்பூர். அங்கிருந்து அப்பாவுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, நாங்கள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆகவே எனக்கு ஹிந்தி தெரியும். இந்த வாக்கியத்தை அந்தக் காலத்தில் நான் எத்தனை மிடுக்காகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது காது சூடாகிறது. நாக்பூர் தெருவில் பாண்டி விளையாடி, கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சண்டை போட்டுக் கற்ற ஹிந்தி அது. ஆனாலும் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தின் தமிழ்க் குடும்பங்களில் அவ்வளவு ஹிந்தி வேறு யாருக்கும் கிடையாது. நாக்பூரில் பத்து வருடம் இருந்த அப்பாவுக்கு வந்தது 'கித்னா' என்ற ஒரே சொல். பதிலுக்குக் கடைக்காரன் சொல்லும் எண் அவருக்குப் புரியாது.

அந்தச் சொற்ப ஹிந்திக்குச் சனிக்கிழமைதோறும் பெரிய கிராக்கி. ரூட் 1 நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் ஒரு மளிகைக் கடை. பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் சுவர் முழுக்க காசெட்டுகள். தமிழ்க் காசெட்டுகள் மொத்தம் பதினொன்றுதான். அவற்றில் ஒன்றில் பாதிப் படத்துக்கு மேல் யார் வீட்டுச் சீமந்தமோ பதிவாகியிருக்கும். அந்தச் சீமந்தத்தையே நாங்கள் மூன்று முறை பார்த்தாகிவிட்டது. அதன் பிறகு ஹிந்திப் படம்தான் கதி. மத்தியானம் மூன்று மணிக்கு நாலு குடும்பம் எங்கள் வீட்டுக் கார்ப்பெட்டில் கூடும். ஆண்களுக்கு சோபா, பெண்களுக்கு விரித்த போர்வை, காபி டின்னில் முறுக்கு. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு மோடா. அதில் நான். ஒவ்வொரு வசனத்துக்கும் எல்லாத் தலைகளும் படத்திலிருந்து என் பக்கம் திரும்பும்.

"என்னங்கறான் பாப்பா?"

"அம்மா மேல சத்தியம்ங்கறான்."

ஹிந்திப் படங்களில் இதைச் சொன்னால் பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, இருபத்தெட்டு வயது. ஊரில் அவள் கணவர் மோட்டார் பைக் விபத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தம்பி பிறந்த சமயம் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆறு மாத விசிட்டர் விசாவில் அப்பா வரவழைத்திருந்தார். திரும்பிப் போக ஏப்ரலில் டிக்கெட். போக வேண்டிய இடம் மாமியார் வீடு. மாமியார் படுத்த படுக்கை. கொழுந்தனாருக்கு மூன்று குழந்தைகள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அப்பா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "என்ன இருந்தாலும் அதுதானே அம்மிணி உன்ற வீடு," என்பார். அத்தை தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டிருப்பாள். போகப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதில்லை. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மேல் மாடியில் ஒரு அங்கிள் இருந்தார். தூத்துக்குடிக்காரர், மருந்துக் கம்பெனி லேபில் வேலை, முப்பத்தாறு வயது, தனிக்கட்டை. "ஞாயித்துக்கிழம காலைல கோவிலுக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று அவர் தவறாமல் சொல்வதைக் கேட்டு, "இந்த ஊர்ல இருந்துட்டு எத்தனை பக்தி!" என்று அம்மா ஆறு மாதம் அவரை எல்லாருக்கும் உதாரணம் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு அவர் ஃப்ரூட் கேக்கோடு வந்து நின்றபோதுதான் அது எந்தக் கோவில் என்று தெரிந்தது. உதாரணம் அன்றோடு நின்றது.

வளாகத்தின் வாஷிங் மெஷின்கள் பேஸ்மென்ட்டில் இருந்தன. முன்பு வாரத்துக்கு ஒருமுறை துவைப்போம். ஜனவரியிலிருந்து எங்கள் துணிகள் அழுக்காவதற்கு முன்பே துவைக்கப்பட்டன. தம்பியின் பிப் ஒன்றுக்காக அத்தை ஒரு முழு மெஷினை ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். மாடி அங்கிளுக்கும் அதே நேரத்தில்தான் அழுக்குச் சேரும். ஒருநாள் நான் பந்தைத் தேடிக் கீழே போனபோது டிரையர் மேல் கையூன்றி அத்தையின் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஊருக்குப் போயி என்ன செய்யப் போறீங்க?"

"அங்க செய்யறதுக்கா வேலை இல்ல?"

"வேலயக் கேக்கலங்க. உங்களக் கேட்டேன்."

அத்தை காய்ந்த துணி ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அது அங்கிளின் பனியன் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அந்த வயதில் ரகசியம் எதுவும் எனக்குள் மாடிப்படி ஏறும் நேரத்துக்கு மேல் தங்காது.

அன்றிலிருந்து வீட்டில் ஓர் அமைதி வந்தது. பெரியவர்கள் சமையலறைக்குள் மட்டும் பேசும் அமைதி. "விதவைங்கறது ஒருபக்கம், ஆளுங்களும் வேற. ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா. "ஏப்ரல் வரைக்கும் ஓட்டிட்டா போதுமுங்க" என்றாள் அம்மா. இனி துணி துவைக்க அம்மாதான் போவாள் என்று முடிவாயிற்று. சினிமாவிலும் எச்சரிக்கை வந்தது. காதல், மழை, ஓடிப்போவது எதுவும் இல்லாத படமாக வேண்டும். அப்பாவிடம் அதற்கு ஒரு கோட்பாடு இருந்தது. "புதுப் படம்னாத்தான் கருமம். பழைய படம்னா பண்பாடா இருக்கும். எத்தனைக்கெத்தனை பழசோ அத்தனைக்கத்தனை பண்பாடு." கடைக்காரரிடம் இருப்பதிலேயே பழைய படத்தைக் கேட்டார். அவர் ஏணி போட்டு மேல் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை. ஹிந்திப் படங்கள் பேசத் தொடங்கிய கொஞ்ச காலத்துக்குள் எடுத்தது. அட்டையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் ஆற்றங்கரையில் விளக்கோடு நின்றாள். "பார், பக்திப் படம்," என்று அப்பா திருப்தியோடு வாங்கி வந்தார்.

சனிக்கிழமை. படம் தொடங்கிப் பத்து நிமிடம் வரை நான் நேர்மையாகவே இருந்தேன்.

"அந்தப் பொண்ணு ஏன் அழுவறா பாப்பா?"

"அவங்க புருஷன் செத்துப் போயிட்டார். இனிமே அவங்க இந்த வீட்டுலயே இருந்து எல்லாருக்கும் வேலை செய்யணுமாம்."

அறையில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. யாரும் அத்தையைப் பார்க்கவில்லை. ஏழு பேர் ஒரே சமயத்தில் ஒருவரைப் பார்க்காமல் இருப்பதை அன்றுதான் கண்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். கிள்ளலை நான் சரியாக மொழிபெயர்த்துக்கொண்டேன். "இல்லல்ல, சாகலை. வெளியூர் போயிருக்கார்," என்றேன்.

அதன் பிறகு என் கற்பனைக்குக் கரை இல்லை. ஆற்றில் ஒரு படகோட்டி வந்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்து நின்றாள். "அவங்க தம்பி," என்றேன். அவன் அவளுக்கு ஒரு தாமரை கொடுத்தான். "பாசமான தம்பி," என்றேன். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் மண்டபத்தில் கூடி அவளை நடுவில் நிறுத்திக் கத்தினார்கள். என்ன செய்வது? ஊரில் ஒரு விடுமுறையில் கேட்ட சண்டை ஒன்று கைகொடுத்தது. "வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு தகராறு," என்றேன்.

அவ்வளவுதான். ஈரோட்டு ரத்தம் விழித்துக்கொண்டது. அதுவரை சோபாவில் சாய்ந்திருந்த ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கடைமடைக்காரனுக்கு என்னைக்குத் தண்ணி வந்திருக்கு?" என்றார் ஒருவர்.

"அந்த மீசைக்காரன் மூஞ்சியப் பாருங்க. அவன்தான் மதகை அடைச்சு வெச்சிருப்பான்."

"முறைத் தண்ணின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? வடக்க அதெல்லாம் கிடையாதாட்ட இருக்குது."

கதாநாயகி கை நீட்டி நீளமாகப் பேசினாள். "தண்ணி விடச் சொல்றாங்க," என்றேன். பேசி முடித்துப் படித்துறையில் இறங்கி, படகோட்டியின் கையைப் பிடித்துப் படகில் ஏறினாள். "தண்ணி எங்க அடைச்சிருக்குன்னு பாக்கப் போறாங்க," என்றேன். படம் முடிந்தது. அப்பா கண் கலங்கியிருந்தார். "ஒரு பொம்பளை தனியா நின்னு ஊருக்கே தண்ணி வாங்கித் தர்றா. என்ன சமுதாயக் கருத்து! இந்தக் காலத்துல எவன் எடுக்கறான்?"

எல்லாரும் போன பிறகு அத்தை டம்ளர்களைக் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, ஆத்துலதான் படகு ஓடற அளவுக்குத் தண்ணி போவுதே. அப்பறம் என்னத்துக்குத் தண்ணிக்குச் சண்டை?"

நான் டம்ளர்களை எண்ணத் தொடங்கினேன்.

"எனக்கு ஹிந்தி தெரியும் கண்ணு. கல்யாணத்துக்கு முன்னால பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணுனேன். வீட்டுல சும்மாதானே இருக்கறன்னு அனுப்பி வெச்சாங்க." ஒரு டம்ளரை வெளிச்சத்தில் பார்த்து மறுபடி கழுவினாள். "உன்ற கதையும் மோசமில்ல."

"அப்பாகிட்ட சொல்லிடுவியா அத்தை?"

"யோசிக்கறேன்," என்றாள். எனக்கு அன்றைக்கு முறுக்கு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மாடி அங்கிள் வந்தார். இரவல் வாங்கியிருந்த ஸ்குரூடிரைவரைத் திருப்பித் தர வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்ல நல்ல சட்டை போட்டிருந்தார். அப்பாவுக்குச் சங்கடம். வந்தவரை உட்கார வைக்காமல் இருக்கவும் முடியாது, உட்கார வைத்தால் பேசவும் வேண்டும். ஆபத்தில்லாத பேச்சாக அவருக்குக் கிடைத்தது அந்தப் படம்தான்.

"நேத்து நீங்க வரலையே. அருமையான படமுங்க. வாய்க்கா பிரச்சனை. அந்தப் பொண்ணு கடைசில பேசறா பாருங்க, அதை மட்டும் போடறேன். பாப்பா, வந்து மோடாவுல உக்காரு."

நான் உட்காருவதற்குள் அத்தை தம்பியை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு டிவி பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணா, நான் சொல்றனுங்க. எனக்கு ஹிந்தி தெரியும்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அங்கிள் ஸ்குரூடிரைவரைப் பார்த்தார். அத்தை அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் வேறு யாரும் அதுவரை தொடாத பொருள் அது.

கதாநாயகி ஒரு வாக்கியம் பேசுவாள். அத்தை பாஸ் அழுத்துவாள். திரையில் குறுக்கே வெள்ளைக் கோடு நடுங்கும். அந்த நடுக்கத்துக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொல்வாள்.

"செத்துப் போனது அவரு. அவரோட சேத்து என்னையும் அழுது முடிச்சுட்டீங்க."

பிளே. பாஸ்.

"இந்த வீட்டுல மாட்டை வித்தாக்கூட அது அங்க போய்த் தீனி எடுக்குதான்னு விசாரிக்கறீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பிளே. பாஸ்.

"அவன் எந்த ஆளுன்னு கேக்கறீங்க. வெள்ளத்துல அக்கரைக்குப் போவறப்ப, படகு ஓட்டறவன் எந்த ஆளுன்னு யாராவது கேட்டீங்களா?"

வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஹிந்தி பாண்டி ஆட்டத்துக்கு வராத ஹிந்தி. நாலு சொல்லில் ஒன்றுதான் எனக்கு எட்டியது. ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இவ்வளவு பழைய படத்தில் ஒரு பெண் இப்படிப் பேசியிருக்கவே முடியாது. அத்தை சொந்தமாக அடித்து விடுகிறாள். நேற்று என்னிடமிருந்து கற்றுக்கொண்டாள். தொழில் போட்டியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பிளே. பாஸ். இந்த முறை அத்தை டிவியைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு அவரைப் புடிச்சிருக்குது."

பிறகு அப்பாவைப் பார்த்து முடித்தாள்.

"நீங்க எனக்குப் பெரியவங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மனசு நெறஞ்சு போவேன்."

அப்பாடா, இது ஒன்றாவது படத்தில் உள்ளது என்று நினைத்துக்கொண்டேன். படத்துப் பெண்கள் பேசுவது இப்படித்தானே.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் குரல் வேறாக இருந்தது. "பாப்பா. இத்தனையும் படத்துல சொல்றாளா?"

இல்லை என்று நான் சொல்லியிருந்தால் வாய்க்கால் கதைதான் நிற்கும். அத்தை ஏப்ரலில் விமானம் ஏறுவாள். அது அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கை என் தொடைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

"ஆமாப்பா. அப்படியேதான் சொல்றா. நேத்து நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தம்பி கொட்டாவி விட்டான். அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப இது வாய்க்கா படம் இல்லியா சார்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டவர் மறுபடி கோபத்துக்குத் திரும்புவது கடினம். முயன்று பார்த்தார்; வரவில்லை. கடைசியில் அத்தையிடம் கேட்டார்.

"அந்தப் பெரியவரு என்ன பதில் சொல்றாரு அம்மிணி?"

"அவரு இன்னும் சொல்லலீங்ணா."

வெகுநேரம் பாஸில் இருந்தால் டேப் தேய்ந்துவிடும் என்று அந்த மெஷின்கள் தாமாகவே ஓட ஆரம்பிக்குமே, அது போல் படம் தானே ஓடத் தொடங்கியது. அப்பா எழுந்து போய் அணைத்தார். "சொல்லுவாரு," என்றார். "அவருக்குக் கொஞ்சம் டைம் குடு."

பெரியவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் அப்பா அங்கிளைக் கூப்பிட்டு, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அந்த வருடம் மார்ச் மாதம் டவுன்ஷிப் அலுவலகத்தில் கல்யாணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்து அம்மா போட்டாள். "அவரு கேக்கு கொண்டு வந்தன்னைக்கே நான் நெனச்சேன்," என்றாள்.

அவர்கள் இப்போது டெக்சாஸில் இருக்கிறார்கள். அங்கிளுக்கு முட்டி வலி, அத்தைக்குச் சர்க்கரை. அவர்களுடைய ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் நான் ஒரு பேச்சுப் பேசுவேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி சாதுரியமாக ஒரு பொய் சொல்லி அத்தையின் வாழ்க்கையைக் காப்பாற்றிய வரலாறு. நன்றாகக் கைதட்டுவார்கள். எத்தனை முறை சொன்னாலும் அத்தை குறுக்கிட்டதில்லை. தட்டில் கேக்கை வெட்டி வைத்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் டப்ளினில் என் வீட்டில், மகள் டிவியில் எதையோ தேடும்போது அந்தப் படம் வந்தது. கோடு, கீறல் எல்லாம் துடைத்து, ஆங்கில சப்டைட்டிலோடு. அட்டையில் நின்ற அதே பெண், அதே விளக்கு. ஹிந்தித் திரையுலகமே அந்தப் படத்தைக் கண்டு ஒரு காலத்தில் அதிர்ந்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். பெருமையோடு கடைசிக் காட்சியைப் போடச் சொன்னேன். அத்தை எப்படியெல்லாம் அடித்து விட்டாள் என்று காட்டலாமே.

மண்டபம் வந்தது. மீசைக்காரர் கத்தினார். அந்தப் பெண் கையை நீட்டினாள். அவரோடு சேர்த்து என்னையும் அழுது முடித்துவிட்டீர்கள் என்று கீழே எழுத்து ஓடியது. மாடு வந்தது. வெள்ளம் வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்பதும் வந்தது.

"அம்மா, யூ ஆல்வேஸ் செட் ஷி மேட் திஸ் அப்," என்றாள் மகள்.

நான் ஐந்தாவது வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் பெரியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படித்துறையில் இறங்கிவிட்டாள். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பொய் என்று நினைத்து நான் ஆமாம் போட்ட நாலும் படத்தில் இருக்கின்றன. உண்மை என்று நம்பிய ஒன்றுதான் இல்லை. நாற்பது வருடமாகச் சொல்லிவந்த பேச்சு அந்த இடத்தில் செத்துப் போயிற்று.

டெக்சாஸுக்கு ஃபோன் போட்டேன்.

"அத்தை, கடைசி வரியை நீயா சேத்த?"

"எது, சரின்னு சொன்னீங்கன்னாங்கறதா? ஆமா."

"எல்லாத்தையும் அவ்வளவு தைரியமாச் சொல்லிட்டு, அதை எதுக்குச் சேத்த?"

அந்தப் பக்கம் அங்கிள் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அவளுக்குப் படம் அங்க முடிஞ்சிருது கண்ணு. நான் அடுத்த நாள் காலைல எங்கண்ணன் வீட்டுலதானே எந்திரிச்சுக் காபி போடணும்."